கணுக்காலும் இதயமும்

(நமது பங்கின் பொன்விழா ஆண்டில், இலவச மருத்துவ முகாமுக்கு முந்திய ஞாயிறு மாலை பங்கு மண்டபத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா என்றால் கோபுரத்திற்கு வர்ணம் பூசுவதும், கொடிமரத்தைப் புதுப்பிப்பதும், பந்தலும் பாட்டும் விருந்தும் மட்டுமல்ல. ஐம்பது ஆண்டுகளாக இந்தக் கோயிலைத் தம் தோளில் சுமந்த பெரியவர்களின் உடல்நலத்தைப் பேணுவதும் பொன்விழாக் கடமையே. அதற்காகத்தான் அடுத்த ஞாயிறன்று மருத்துவ முகாம் ஏற்பாடாகியுள்ளது.

இன்று காலைத் திருப்பலி முடிவில் அதன் அறிவிப்பை வாசித்தோம். சர்க்கரை பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், வயதில் மூத்தவர்களுக்குக் கணுக்காலிலும் இரத்த அழுத்தம் பார்ப்பார்கள் என்று வாசித்தபோது கோயிலில் மெல்லிய சிரிப்பொலி எழுந்ததை நாமும் கேட்டோம். பிறகு வாசலில் நின்றபோது ஒரு பெரியவர், "சாமி, கையிலே பார்க்கிற பிரஷரைக் காலிலே எதற்குப் பார்க்கணும்?" என்று கேட்டார். ஒரு பாட்டியம்மா, "டாக்டர் முன்னாலே காலை நீட்டவா? அது மட்டும் நம்மாலே ஆகாது, சாமி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இருவருக்கும் அப்போது சரியான பதில் சொல்ல நேரமில்லை. முகாமுக்கு வரும் மருத்துவரிடம் கேட்டும், சில நூல்களைப் படித்தும் நாம் அறிந்துகொண்டதை இப்போது அந்தப் பதிலாகச் சொல்கிறோம்.

முதலில், இதைப் பற்றி நாம் அக்கறை கொள்ள நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய வேறொரு பங்கில் ஒரு கோயில்பிள்ளை இருந்தார். அறுபதைத் தாண்டியவர். மணி அடிப்பது, விளக்கேற்றுவது, பூசைச் சாமான்களை எடுத்து வைப்பது எல்லாம் அவர்தாம். கல்லறைத் தோட்டத்திற்குப் பவனி போகும்போது சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பவரும் அவரே. அப்படிப் போகையில் வழியிலுள்ள புளியமரத்தடிக்கு வந்ததும் ஒரு நிமிடம் நிற்பார். பின்னால் வருகிறவர்கள் சேரட்டும் என்று நிற்பதாக நாம் நினைத்தோம். அடுத்த ஆண்டு, புளியமரத்துக்கு முன்பே இருக்கும் சிறு பாலத்திலேயே நிற்கத் தொடங்கினார். அதற்கும் பிறகு, சிலுவையை ஒரு வாலிபனிடம் கொடுத்துவிட்டுக் கோயில் வாசலிலேயே தங்கிவிட்டார். "கோயில்பிள்ளைக்குச் சோம்பல் வந்துவிட்டது" என்று ஊரார் கேலி பேசினார்கள். சொல்ல வெட்கமாயிருக்கிறது, நாமும் அந்தக் கேலியில் சேர்ந்துகொண்டோம். அவரோ, "வயசாச்சு சாமி, கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குது" என்பதோடு நிறுத்திக்கொள்வார். இடுப்பில் எப்போதும் ஒரு பீடிக்கட்டு இருக்கும்.

அந்த ஆண்டு பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கில் பன்னிருவரில் ஒருவராக அவரை அமர்த்தினோம். அவருடைய வலப்பாதத்தைக் கையில் ஏந்தியபோது அது குளிர்ந்திருந்தது. தோல் மினுமினுத்தது, ரோமமே இல்லை. பெருவிரல் நுனியில் ஆறாத சிறு புண் ஒன்று இருந்தது. நீர் சில்லென்று இருக்கிறது, அதனால் கால் குளிர்கிறது என்று எண்ணிக்கொண்டு, துடைத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டோம். தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு முன்னரே அவர் மாரடைப்பால் இறந்துபோனார். அடக்கத்திற்குப் பின் அவரைப் பரிசோதித்த மருத்துவர் நம்மிடம் கேட்ட கேள்வி இன்றும் காதில் ஒலிக்கிறது: "இவருக்கு நடந்தால் கால் வலிக்குமா, ஃபாதர்?"

வலிக்கும் என்பது நமக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். ஆனால் அந்தக் கால்வலிக்கும் அந்த மாரடைப்புக்கும் என்ன உறவு என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த உறவைத்தான் இன்று உங்களுக்கு விளக்க விரும்புகிறோம்.

நம்மில் பலர் விவசாயக் குடும்பத்தினர். கடைமடை என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மதகு திறந்தாயிற்று, தலைமடையில் நீர் நிறைந்து ஓடுகிறது, ஆனால் கடைமடை வயல் காய்கிறது என்றால் என்ன பொருள்? நடுவே எங்கோ வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது என்பதுதான். உடலில் இதயம் மதகு, தமனிகள் வாய்க்கால்கள், பாதம் கடைமடை. இதயத்திலிருந்து நல்ல இரத்தத்தை எடுத்துச் செல்லும் தமனிகளின் உட்சுவரில், ஆண்டுக்கணக்கில் கொழுப்பும் சுண்ணமும் படிந்து தடித்து, வழி குறுகிப்போகிறது. கால் தமனியில் இப்படி நேரும்போது, உட்கார்ந்திருக்கையில் ஒன்றும் தெரியாது. நடக்கும்போது கெண்டைக்கால் தசைக்கு அதிக இரத்தம் தேவைப்படுகிறது; குறுகிய வழியில் அது வந்து சேர்வதில்லை; தசை வலியெடுத்து இழுக்கிறது. நின்றால் தேவை குறைந்து, சில நிமிடங்களில் வலி அடங்குகிறது. மறுபடியும் நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடியும் வலி. வழி மேலும் குறுகினால் தூரமும் குறையும். புளியமரம் போய்ப் பாலம் வந்ததன் பொருள் இதுவே.

குருமடத்தில் கற்ற சிறிதளவு இலத்தீன் இங்கே உதவுகிறது. இந்த வலிக்கு மருத்துவர்கள் இட்ட பெயர் 'கிளாடிகேசன்' என்பது. நொண்டுதல் என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. 1831-இல் பிரான்சு நாட்டில் பூலே என்ற கால்நடை மருத்துவர், ஓடினால் நொண்டும், நின்றால் சரியாகும் ஒரு குதிரையைப் பற்றி எழுதினார். 1858-இல் ஷார்க்கோ என்ற மருத்துவர் இதே நிலையை மனிதரிடம் விவரித்தார். ஆகவே இது புதிதாகக் கண்டுபிடித்த வியாதியன்று.

மூட்டுவலிக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையைக் கவனியுங்கள். மூட்டுவலி பெரும்பாலும் முழங்காலில் இருக்கும். உட்கார்ந்து எழுந்திருக்கும் முதல் அடியிலேயே வலிக்கும். நின்றாலும் வலி தொடரலாம். இரத்தக் குறைவால் வரும் வலி பெரும்பாலும் கெண்டைக்கால் சதையிலும், சிலருக்குத் தொடையிலும் இடுப்புச் சதையிலும் வரும். நடந்தால் வரும், நின்றால் போகும். எல்லா வலியையும் 'வாதம்' என்று ஒரே பெயரிட்டுத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பது நம் வழக்கம். தைலம் தமனியைத் திறக்காது.

சரி, கால் தமனி குறுகினால் கால்தானே கெடும், இதயம் எப்படிக் கெடும் என்று கேட்பீர்கள். புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதும்போது, உடல் ஒன்று, உறுப்புகள் பல என்றும், ஓர் உறுப்புத் துன்புற்றால் எல்லா உறுப்புகளும் சேர்ந்து துன்புறும் என்றும் விளக்குகிறார். அவர் சொன்னது திருச்சபையைப் பற்றி. ஆனால் மருத்துவப்படியும் அது உண்மை. புகையிலையின் நஞ்சும், மிகுந்த சர்க்கரையும், கொழுப்பும், உயர்ந்த அழுத்தமும் காலுக்கு மட்டும் தனியே போவதில்லை. அதே இரத்தம் இதயத்தின் தமனிகளிலும் மூளையின் தமனிகளிலும் ஓடுகிறது. காலில் படிந்தது அங்கும் படிந்திருக்க வாய்ப்பு மிகுதி. இதயத்தின் தமனியை நாம் தொட்டுப் பார்க்க முடியாது. காலோ வெளியே இருக்கிறது. அதை அளந்தால் உள்ளே நடப்பதைப் பற்றி ஒரு குறிப்புக் கிடைக்கிறது. அந்தப் பெரியவரின் கேள்விக்குப் பதில் இதுவே.

இரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் யார் என்று தெரிந்தால் நீங்கள் வியப்படைவீர்கள். அவர் மருத்துவர் அல்லர். ஒரு பங்குக் குரு! இங்கிலாந்தில் டெடிங்டன் என்ற ஊரில் 1709 முதல் 1761-இல் இறக்கும்வரை பணியாற்றிய ஸ்டீபன் ஹேல்ஸ் என்பவர். ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர்தாம், இருந்தாலும் குரு குருவே. அவர் ஒரு பெண் குதிரையின் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்து, இரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்தார். 8 அடி 3 அங்குலம் ஏறிற்று. இதை 1733-இல் நூலாக வெளியிட்டார். அவர் குழாய் செருகியது குதிரையின் எந்த உறுப்பில் தெரியுமா? பின்னங்காலின் தமனியில்! ஆகவே, காலில் பிரஷர் பார்ப்பதா என்று சிரிக்கிறவர்களுக்குச் சொல்கிறோம்: முதல் பிரஷரே காலில் பார்த்ததுதான்.

குத்தாமல் கிழிக்காமல், காற்றடைத்த பட்டையைக் கையில் கட்டி அளக்கும் முறையை 1896-இல் இத்தாலியரான ரீவா-ரோச்சி உருவாக்கினார். பட்டைக்குக் கீழே ஒலியைக் கேட்டு அளக்கும் முறையை 1905-இல் ரஷ்ய மருத்துவரான கொரொத்கோவ் வெளியிட்டார். கையையும் காலையும் ஒப்பிட்டால் கால் தமனி நோயை அறியலாம் என்பதை 1950-இல் அமெரிக்க மருத்துவர் வின்சர் எடுத்துக் காட்டினார். ஆனால் கணுக்காலில் இரத்த ஓட்டத்தின் ஒலி சாதாரண ஸ்டெதாஸ்கோப்பில் சரியாகக் கேட்காது. 1950-களின் பிற்பகுதியில் ஜப்பானில் சத்தோமுரா என்பவர், நம் காதுக்கு எட்டாத நுண்ணொலியை உடலுக்குள் செலுத்தி, ஓடும் இரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியைக் கேட்க வழி கண்டார். இரயில் நம்மை நோக்கி வரும்போது ஊதல் ஒருவிதமாகவும், கடந்து போகும்போது வேறுவிதமாகவும் கேட்கிறதல்லவா? அதே தத்துவம்தான். 1842-இல் அதைக் கூறிய ஆஸ்திரிய அறிஞரின் பெயரால் அந்தக் கருவியை 'டாப்ளர்' என்கிறோம்.

இனி, அடுத்த ஞாயிறு உங்களுக்கு என்ன செய்வார்கள் என்பதைச் சொல்கிறோம். ஊசி கிடையாது, இரத்தம் எடுப்பது கிடையாது, கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். பீடி சிகரெட் புகைத்துவிட்டு உடனே வந்து படுக்காதீர்கள்; அளவு தவறிப்போகும். முதலில் ஐந்து பத்து நிமிடம் மல்லாந்து அசையாமல் படுத்திருக்க வேண்டும். இரு கைகளிலும் அழுத்தம் பார்ப்பார்கள். பிறகு கணுக்காலுக்குச் சற்று மேலே பட்டையைச் சுற்றி, பாதத்தின் மேற்புறத்திலும், உட்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்புறத்திலும் சிறிது பசை தடவி, பேனா போன்ற கருவியை வைப்பார்கள். நாடியின் ஒலி 'உஸ் உஸ்' என்று அறை முழுதும் கேட்கும், பயப்பட வேண்டாம். பட்டையில் காற்றை ஏற்றினால் ஒலி நிற்கும். மெல்லக் காற்றை இறக்கும்போது எந்த அளவில் ஒலி திரும்ப வருகிறதோ அதுவே அங்குள்ள அழுத்தம். காலில் ஆறாத புண் இருந்தாலும், கால் திடீரென்று வீங்கி வலித்தாலும், பட்டை கட்டுமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கணக்கு மிக எளிது. கைகள் இரண்டில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு காலிலும் பார்த்த இரண்டு இடங்களில் எது அதிகமோ அதை எடுத்து, கை அளவால் வகுப்பார்கள். ஓர் உதாரணம். ஒருவருக்கு வலக்கையில் 150, இடக்கையில் 144. ஆகவே 150. இடக்கணுக்காலில் 153; 153-ஐ 150-ஆல் வகுத்தால் 1.02. அந்தக் கால் நலமாயிருக்கிறது. வலக்கணுக்காலில் 96, வகுத்தால் 0.64. அந்தக் காலுக்கு இரத்தம் போகும் வழி குறுகியிருக்கிறது. இரண்டில் குறைந்ததையே அவருடைய அளவாகக் கொள்வார்கள்.

கால் தூரத்தில் இருக்கிறதே, அங்கே அழுத்தம் குறைவது இயற்கைதானே என்று தோன்றும். அப்படியன்று. நலமுள்ள மனிதர் படுத்திருக்கையில், இதயத் துடிப்பின் அழுத்த அலை, கிளைக் குழாய்களில் மோதித் திரும்பும் அலையோடு சேர்ந்து, காலில் சற்று உயர்ந்தே இருக்கும். ஆகவே 1.00 முதல் 1.40 வரை சரியான அளவு. 0.91 முதல் 0.99 வரை எல்லைக்கோடு, கவனிக்க வேண்டும். 0.90 அல்லது அதற்குக் கீழ் என்றால் கால் தமனியில் நோய் இருக்கிறது என்று கொள்வார்கள். 1.40-க்கு மேல் போனாலும் நல்லதன்று. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

இந்த எண்ணுக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பைப் பல நாட்டு அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். 16 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 24,955 ஆண்களையும் 23,339 பெண்களையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த கணக்கு 2008-இல் வெளிவந்தது. விகிதம் நலமாக இருந்த 100 ஆண்களில், 10 ஆண்டுகளுக்குள் இதய, இரத்தக்குழாய் நோய்களால் இறந்தவர்கள் ஏறக்குறைய 4 பேர். விகிதம் 0.90-க்குக் குறைந்த 100 ஆண்களில் ஏறக்குறைய 19 பேர். பெண்களில் முறையே 4 பேரும் 13 பேரும். அமெரிக்காவில் ஃபிரேமிங்காம் என்ற ஊரில் 1948-இல் தொடங்கிய ஆய்விலிருந்து வந்த ஒரு கணக்கீடு உண்டு; வயது, அழுத்தம், கொழுப்பு, புகை முதலியவற்றைக் கொண்டு இதய ஆபத்தை மதிப்பிடுவது. அந்த மதிப்பீட்டோடு கணுக்கால் அளவையும் சேர்த்தால், ஆண்களில் 100-க்கு ஏறக்குறைய 19 பேரும், பெண்களில் 36 பேரும் வேறு ஆபத்துப் பிரிவுக்கு மாறுவார்கள் என்று அதே ஆய்வு கூறியது. மாற்றம் பெண்களிடையே அதிகம் என்பதைக் காலை நீட்ட மறுத்த பாட்டியம்மாவும் அவருடைய தோழிமாரும் கவனிக்க வேண்டும். இவை நம் ஊரில் எடுத்த கணக்கு அல்ல. பெரும்பாலும் மேலை நாட்டவரைப் பற்றியவை. ஆயினும் தமனியின் இயல்பு நாட்டுக்கு நாடு மாறுவதில்லை. 2010-இல் உலகில் 20 கோடிக்கு மேற்பட்டோருக்குக் கால் தமனி நோய் இருந்ததென்றும், அவர்களில் பத்தில் ஏழு பேர் நம்மைப் போன்ற வளரும் நாடுகளில் வாழ்ந்தார்கள் என்றும் மதிப்பிட்டுள்ளார்கள்.

"எனக்குக் கால்வலியே இல்லை, நான் ஏன் வரவேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் 55 முதல் 74 வயதுவரை உள்ள 1592 பேரைப் பரிசோதித்தார்கள். 1991-இல் அதன் முடிவு வந்தது. நடந்தால் வலி என்று சொன்னவர்கள் 100-க்கு 4.5 பேர். வலியே இல்லாமல், இரத்த ஓட்டம் வெகுவாகக் குறைந்திருந்தவர்கள் 100-க்கு 8 பேர்! சொல்லும் நோயைவிடச் சொல்லாத நோய் அதிகம். மேலும், நடந்தால்தானே வலி தெரியும்? திண்ணையிலும் நாற்காலியிலும் பொழுதைக் கழிப்பவருக்கு எப்படித் தெரியும்?

ஆனால் இந்தப் பரிசோதனையைப் பற்றி மிகைப்படுத்திப் பேசுவதும் தவறு. அதன் எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும்.

முதலாவது, நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கால் தமனிகளின் சுவர் சுண்ணம் ஏறி இறுகிவிடும். பட்டை எவ்வளவு அழுத்தினாலும் தமனி மடங்காது; அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். 1.40-க்கு மேல் வந்தால் மகிழக்கூடாது என்றது இதனால்தான். அப்படிப்பட்டவர்களுக்குக் கால் பெருவிரலில் சிறு பட்டையிட்டு அளப்பார்கள்.

இரண்டாவது, அறிகுறி இல்லாத எல்லாருக்கும் இதைச் செய்வதால் உயிர்கள் காக்கப்படுமா என்பதில் அறிஞர்கள் ஒருமனப்படவில்லை. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு ஒன்று 2018-இல், அதற்குப் போதிய சான்று இல்லை என்று கூறிற்று. டென்மார்க்கில் 65 முதல் 74 வயதுள்ள ஆண்களை அழைத்து, கணுக்கால், வயிற்றுப் பெருந்தமனி, இரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்தபோது, ஐந்தாண்டுகளில் இறப்பு 100-க்கு 7 பங்கு குறைந்ததாக 2017-இல் எழுதினார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்ததால் கிடைத்த பலன் அது. கணுக்காலுக்கு மட்டும் அந்தப் பெருமை முழுவதையும் கொடுக்க முடியாது. ஆகவே யார் வரவேண்டும்? நடந்தால் கால் வலிப்பவர்கள், காலில் புண் ஆறாதவர்கள், 65 வயதைக் கடந்தவர்கள், 50 வயதைக் கடந்து புகையிலைப் பழக்கமோ, சர்க்கரையோ, இரத்தக் கொதிப்போ, கொழுப்போ உள்ளவர்கள் முதலில் வாருங்கள். வாலிபர்கள் வேடிக்கைக்காக வரிசையில் நின்று பெரியவர்களின் நேரத்தைப் பறிக்க வேண்டாம்.

மூன்றாவது, அளவு குறைவு என்று தெரிந்தவுடன் கடைக்குப் போய் ஆஸ்பிரின் வாங்கி விழுங்காதீர்கள். ஸ்காட்லாந்தில், அளவு குறைந்தும் நோய்க்குறி இல்லாத 3350 பேரில் ஒரு பாதிக்கு ஆஸ்பிரினும் மறுபாதிக்கு வெறும் மாத்திரையும் பல ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் வந்த முடிவு, மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ சொல்லத்தக்க வேறுபாடு இல்லை என்பது. ஆஸ்பிரினால் இரத்தக் கசிவு வரும் ஆபத்தோ உண்டு. யாருக்கு எந்த மாத்திரை என்பதை மருத்துவர் சொல்லட்டும். நான்காவது, அளவு நன்றாயிருக்கிறது என்பது பீடி குடிக்க அனுமதிச் சீட்டு அன்று.

அளவு குறைந்திருந்தால் என்ன செய்வது? அஞ்ச வேண்டாம், செய்யக்கூடியது நிறைய உண்டு. புகையிலையை அறவே விடுவது முதல் மருந்து. தவக்காலத்தில் நாற்பது நாள் விட்டுவிட்டு, பாஸ்கு ஞாயிறு மதியமே பற்றவைக்கும் பீடி நோன்பைச் சொல்லவில்லை. ஒரேயடியாக விடுவதைச் சொல்கிறோம். கொழுப்பையும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்த மருத்துவர் தரும் மாத்திரைகளை ஒழுங்காக உட்கொள்வது இரண்டாவது. மூன்றாவது மருந்து, விலை இல்லாதது: நடை. மருத்துவரின் சம்மதம் பெற்று, வலி ஓரளவு கடுமையாகும்வரை நடப்பது. நின்று வலி தீர்ந்ததும் மறுபடி நடப்பது. இப்படி ஒரு தடவைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரத்தில் மூன்று நாளாவது, மூன்று மாதமாவது தொடர்ந்தால், வலியின்றி நடக்கும் தூரம் கூடும் என்பது பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. வலிக்கிறதே என்று நடையை நிறுத்திய நம் கோயில்பிள்ளைக்கு இதைச் சொல்ல அன்று ஆளில்லை. நான்காவது, தினமும் இரவில் பாதங்களைப் பார்த்துக்கொள்வது. கண் மங்கியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். ஓய்வாக இருக்கும்போதும் இரவிலும் பாதம் வலித்தாலோ, விரல் கறுத்தாலோ, புண் ஆறாவிட்டாலோ முகாம் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலம் தாழ்த்தினால் காலையே இழக்க நேரிடும்.

"செபித்தால் போதாதா, சாமி?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பழைய ஏற்பாட்டில் ஆசா என்ற யூதா அரசனைப் பற்றி நாளாகமம் சொல்கிறது. ஆட்சியின் 39-ஆம் ஆண்டில் அவன் கால்களில் கடும் நோய் கண்டது. 41-ஆம் ஆண்டில் இறந்தான். அது என்ன நோய் என்று வேதம் சொல்லவில்லை. நாமும் ஊகிக்கப் போவதில்லை. அவன் ஆண்டவரைத் தேடாமல் மருத்துவர்களை மட்டுமே நாடினான் என்று வேதம் குறை கூறுவதைப் பிடித்துக்கொண்டு, மருத்துவரிடம் போவதே பாவம் என்று சிலர் போதிக்கிறார்கள். அவன் குற்றம் மருத்துவரிடம் போனதன்று, ஆண்டவரை மறந்தது. அதே வேதத்தில் சீராக் ஆகமத்தின் 38-ஆம் அதிகாரம், நோயுற்றால் செபிக்கவும் சொல்கிறது, மருத்துவருக்கு உரிய மரியாதை செலுத்தி அவருக்கு இடம் கொடுக்கவும் சொல்கிறது. அவரையும் படைத்தவர் ஆண்டவரே என்கிறது. ஆகையால் ஞாயிறு காலை திருப்பலிக்கு வாருங்கள். அங்கிருந்து நேரே முகாமுக்கு வாருங்கள். இரண்டும் ஒரே வளாகம்தான்.

இறுதியாக, பாட்டியம்மாவின் வெட்கத்துக்கு வருவோம். பெரியவர்கள் முன் காலை நீட்டக்கூடாது என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். அது நல்ல பழக்கம். அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கடைசி இராவுணவின்போது நம் ஆண்டவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தபோது, இராயப்பரும் இதையேதான் சொன்னார். தம் பாதங்களை ஆண்டவர் ஒருபோதும் கழுவக்கூடாது என்று மறுத்தார். ஆண்டவர் அந்த மறுப்பை ஏற்கவில்லை. காலைக் காட்டுவது அவமரியாதை அன்று; குனிந்து பார்க்க ஒருவர் முன்வரும்போது மறைத்துக்கொள்வதுதான் தவறு. பெண்களுக்குத் தனி அறையும் திரையும் உண்டு. கன்னியர் மடத்துச் சகோதரி ஒருவரே பட்டை கட்டுவார். இனியும் சாக்குச் சொல்ல இடமில்லை.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பவனியில் ஒருவர் பின்தங்கினால், பூசைக்கு ஒருவர் வருவது குறைந்தால், பக்தி குறைந்துவிட்டது என்று உடனே தீர்ப்பிடாதீர்கள். அருகே போய், "நடந்தால் கால் வலிக்குதா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை நாம் அன்று கேட்கவில்லை. பாதத்தைக் கையில் ஏந்தியும், அதன் குளிர்ச்சியை உணர்ந்தும், கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். ஆனால் அதன்பிறகு ஒவ்வொரு பெரிய வியாழனும் பாதம் கழுவும்போது, ஒவ்வொரு பாதத்தையும் ஒரு கணம் கூடுதலாகப் பிடித்துப் பார்க்கிறோம். குளிர்ந்திருந்தால், பூசை முடிந்ததும் அவரைத் தேடிப் போகிறோம்.

இந்தக் கோயிலுக்கு ஐம்பது ஆண்டு நடந்த கால்கள் உங்களுடையவை. செங்கல் சுமந்த கால்கள், சப்பரம் தூக்கிய கால்கள், இறந்தோரைக் கல்லறைவரை கொண்டு சேர்த்த கால்கள். நம் இரக்கமுள்ள ஆண்டவர் அவற்றுக்கு இன்னும் பல ஆண்டு நடக்கும் வலிமையைத் தந்தருள்வாராக. அடுத்த ஞாயிறு முகாமில் உங்களைச் சந்திப்போம். வரிசையில் முதல் ஆளாகக் காலை நீட்டப் போகிறவர் உங்கள் பங்குச் சாமியே. ஐம்பதைத் தாண்டிவிட்டோம், நமக்கும் அளக்க வேண்டியதுதான்.

எல்லாம் வல்ல இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.